கட்டியக்காரி கேட்ட கேள்வி

அந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தவள் மருதாயிதான். யார் வீட்டுப் பெட்டியாக இருந்தாலும் உள்ளே என்ன என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. கையை விட்டுப் பச்சையாக எதையோ உருவி எடுத்து உதறினாள். பிளாஸ்டிக் இலைகளை வரிசையாகத் தைத்த பாவாடை. அதோடு தலையில் கட்ட ஒரு நாடா, நாடாவில் சாயம் போட்ட கோழி இறகு.

"ஏனுங்க சார், இது ஆட்டுக்குப் போடற தழைங்களா?"

"இல்லம்மா. உங்களுக்குத்தான். காஸ்ட்யூம்," என்றார் ஹரிஹரன்.

மருதாயி அதைச் சேலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். அவள் உடம்பு வாகுக்குப் பாவாடை பாதி இடுப்பைத்தான் மூடியது.

"மாதம்மா, எப்படியிருக்கறேன் பாரு!"

"பலா மரம் மாதிரி இருக்கற. காய்தான் பாக்கி," என்றேன்.

செம்மநத்தம் சமுதாயக் கூடமே சிரித்தது. ஹரிஹரனும் சிரித்தார், ஆனால் பாவாடையைத் திரும்ப வாங்கவில்லை.

அவர் சென்னையில் நாடகம் போடுகிறவர். ஏற்காட்டு ஏரிக்கரையில் மே மாதம் ஒரு தனியார் அமைப்பு நடத்தும் கலை விழாவில் மேடைப் பொறுப்பு அவருடையது. எங்கள் பெண்கள் குழுவின் கூத்தை ஊருக்கே வந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விழாவுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். நல்ல பிள்ளை. போட்ட களியை மிச்சம் வைக்காமல் தின்ற பிள்ளை. அதனால்தான் அந்த இலையைப் பார்த்து எனக்குக் கோபம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பாத்த உடனே தெரியணும்மா, இவங்க மலை மக்கள்னு. டைவர்சிட்டிதான் இந்த வருஷ விழாவோட தீம். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு அடையாளம் வேணும்ல? நீங்க பேசவே வேண்டாம். பின்னாடி நான் ஸ்பீக்கர்ல உங்களப் பத்திச் சொல்லுவேன், நீங்க சுத்தி வந்து ஆடினாப் போதும்."

புஷ்பலதா இறகைக் கையில் எடுத்து ஊதினாள். எங்கள் குழுவில் வாய்க்காரி அவள்தான்.

"சார், எங்க பெரியவங்க காஞ்சிபுரத்துல இருந்து மலையேறி வந்தாங்கன்னுதான் சொல்லுவாங்க. பட்டு நெய்யற ஊருங்க அது. அங்கிருந்து இலையக் கட்டிக்கிட்டா கெளம்பியிருப்பாங்க?"

"இல்ல, இது ஒரு சிம்பாலிக்கா..."

"இந்த இறகு கோழிக்குத்தானுங்க நல்லாருக்கும்," என்றாள் கலா. "எங்க கூத்தப் பாத்துட்டுத்தான கூப்புட்டீங்க? அதுல எங்கயாச்சும் இலை இருந்துச்சுங்களா? எங்க கூத்தயே போடறோம். இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

பாவம், முகம் சுருங்கிப் போய் அவர் இறங்கி வந்தார். சேலையே இருக்கட்டும், கூத்தே இருக்கட்டும், நேரம் மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மருதாயி ஒரு பாவாடையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொய்யா மரத்தில் கட்டினால் வவ்வால் வராதாம்.

எங்கள் கூத்து ஒன்றும் ஆதி காலத்துக் கூத்து இல்லை. இந்த மலையில் கூத்து ஆம்பளைகளுடையது. பொம்பளை வேஷமும் அவர்களே கட்டுவார்கள். நாங்கள் சோறாக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஒரு வருஷம் ராணி வேஷக்காரனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நான் கட்டுகிறேன் என்று புஷ்பலதா எழுந்தாள். பொம்பளை கூத்தாடினால் மழை பெய்யாது என்று அவளை உட்கார வைத்தார்கள். அந்த வருஷம் அவள் ஆடவுமில்லை, மழை பெய்யவுமில்லை. அதற்குப் பிறகுதான் நாங்களே ஒரு குழு ஆரம்பித்தோம்.

கலா ராஜா வேஷம். அவள் புருஷன் முருகன்தான் மத்தளம், குழுவில் ஒரே ஆம்பளை. வீட்டிலும் அவள் ராஜா, மேடையிலும் அவள் ராஜா, இரண்டு இடத்திலும் நான் தாளம் என்று அவரே சொல்லிக்கொள்வார். புஷ்பலதா கட்டியக்காரி. கோமாளியும் அவள்தான், கதை சொல்கிறவளும் அவள்தான், யாரையும் கேள்வி கேட்கிறவளும் அவள்தான். நானும் மருதாயியும் திரை.

திரை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ரோஜாப்பூப் போட்ட போர்வை. ஆளுக்கு ஒரு முனையைத் தூக்கிப் பிடிப்போம். வேஷக்காரர் யாராக இருந்தாலும் அதற்குப் பின்னால்தான் வந்து நிற்க வேண்டும். முன்னால் நின்று கட்டியக்காரி கேட்பாள்: யார் நீ, எந்த நாடு, என்ன காரியமாக வந்தாய்? மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் திரை இறங்கும். எமனே வந்தாலும் அப்படித்தான். கேள்விக்குப் பதில் சொல்லாமல் எங்கள் சபைக்குள் ஒருத்தரும் நுழைய முடியாது.

திரை பிடிக்கிறவர்கள் வாய் திறக்கக் கூடாது. அதுவும் ஒரு சட்டம். என் வீட்டுக்காரர் ஐயாக்கண்ணு ஒரு கூத்தையும் விடாமல் முன்னால் வந்து உட்காருவார். "கதைக்கு வரல. எம் பொண்டாட்டி பேசாம நிக்கறத வேற எங்க போய்ப் பாக்கறது?" என்று எல்லாரிடமும் சொல்வார்.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

எங்கள் சுடுகாடு அடுத்த சரிவில் இருக்கிறது. ஊரிலிருந்து அதற்கு ஒரே தடம், பழைய காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து போகும். எஸ்டேட் வெள்ளைக்காரன் கையில் இருந்தபோதும் சரி, அப்புறம் கைமாறியபோதும் சரி, பாடைக்கு யாரும் வழி மறித்ததில்லை. சேலத்துத் தங்கராஜ் அதை வாங்கி ரிசார்ட் கட்டினார். தடத்தின் குறுக்கே இரும்புக் கேட் வந்தது. அன்றைக்கு மழை கொட்டுகிறது. பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு முன்னால் நிற்கிறோம். வாட்ச்மேன் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, "உள்ள கெஸ்ட் இருக்காங்களாம், பாத்தாப் பயந்துக்குவாங்களாம். ரோட்டு வழியாப் போகச் சொல்றாருங்க," என்றான். அவன் முகத்திலும் ஈயாடவில்லை.

ஒரு ஜீப்பைப் பிடித்து அதில் ஏற்றினோம். ஜீப்புக்கு அவர் நீளம். இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மலையைச் சுற்றிக்கொண்டு, தார் ரோட்டில், மழையில் நனைந்துகொண்டே அந்தக் கால்கள் போனதைப் பின்னால் வந்த நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வழியைத் திறந்துவிடச் சொல்லி ஆபீசில் மனுக் கொடுத்தோம். வந்து பார்க்கிறோம் என்றார்கள். வரவில்லை. அப்போதுதான் புஷ்பலதா சொன்னாள், "அத்தெ, இத கூத்தாப் போடலாம்." காற்றுக்கும் கேட் போட்டு வைத்த ராஜாவின் கதையை நாங்களே கட்டினோம். நாகலூரில் போட்டோம், பக்கத்துச் சிற்றூர்களில் எல்லாம் போட்டோம். ஹரிஹரன் வந்து அழுததும் அந்தக் கூத்தைப் பார்த்துத்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்து அழுது என்ன பிரயோசனம்? அவர்களுக்குத்தான் தெரிந்த கதையாயிற்றே. ஏரிக்கரை மேடை என்றால் முன் வரிசையில் ஆபீசர்கள் உட்காருவார்கள். மனுவைப் படிக்காதவர்கள் காதால் கேட்கட்டும். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டோம். இன்னும் எத்தனையோ பேர் இந்த ஊரில் சாக இருக்கிறோம். நானும்தான். எனக்கு அந்த வழி வேண்டும்.

விழாவன்று காலையிலேயே பஸ் பிடித்து ஏற்காடு போய்விட்டோம். மேடைக்குப் பின்னால் கலா மீசை எழுதிக்கொண்டிருந்தபோது ஹரிஹரன் வந்தார். நடையே சரியில்லை.

"அம்மா, ஒரு சின்ன மாற்றம். கட்டியக்காரி மட்டும் வேண்டாம். ராஜா நேரா வந்து தானே அறிமுகம் பண்ணிக்கட்டும்."

"கேக்க ஆளில்லாம ராஜா எப்படிங்க வெளிய வருவாரு?" என்றாள் கலா, அரை மீசையோடு.

"சரி, அப்ப புஷ்பலதா பேசப் போறத எழுதிக் குடுங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"எதிர்ல யாரு உக்காந்திருக்கான்னு பாத்தாத்தான் சார் எனக்கு வாயே தெறக்கும். முன்னாடியே எப்படி எழுதறது?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விழாவுக்கு ஸ்பான்சர் யாருன்னு எனக்கு நேத்துதாம்மா சொன்னாங்க. தங்கராஜ் சார். அவர்தான் சிறப்பு விருந்தினரும். முன்னாடியே உக்காந்திருப்பார்."

முருகன் மத்தளத்தை இறுக்கிக்கொண்டிருந்தார், கை நின்றுவிட்டது. புஷ்பலதா என்னைப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி," என்றேன் நான், "அன்னிக்கு எங்கூர்ல உக்காந்து அழுதியே, அது எதுக்கு?"

"அம்மா, அது வேற இடம்."

"ஆமா சாமி. எடந்தான் வேற. செத்தது அதே ஆளுதான்."

அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என் நிலைமையும் புரிஞ்சுக்குங்கம்மா. உங்க மாதிரி ஆளுங்களுக்கு ஒரு மேடை கிடைக்கறதே பெரிசு. அத ஏன் கெடுத்துக்கணும்? கட்டியக்காரி வந்து நிக்கட்டும். ஆனா மைக் கிடையாது. அவ்வளவுதான் என்னால முடியும்." சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மருதாயி திரையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "வாங்கடி, பஸ்ஸு இருக்குது, போலாம். வாயக் கட்டிப்போட்டு வேடிக்கை பாக்கறதுக்கு நம்ம என்ன கரடியா?"

"போனா அவுங்களுக்கு நல்லதாப் போச்சு," என்றாள் கலா. "மலைக்காரிங்க சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டாங்கம்பாங்க."

"மைக் இல்லாம யாருக்குடி கேக்கும்?"

அதற்குப் புஷ்பலதா சிரித்தாள். நாகலூர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்து வளர்ந்தவள் அவள். இந்தச் சரிவில் நின்று, எடை போட வாங்க என்று அந்தச் சரிவில் இருக்கிறவர்களைக் கூப்பிட்ட தொண்டை.

"அத்தெ," என்றாள் என்னிடம், "நீங்க திரைய மட்டும் உட்றாதீங்க. மத்தத நாம் பாத்துக்கறேன்."

வெயில் தாழ்ந்து ஏரிப் பக்கமிருந்து குளிர் ஏற ஆரம்பித்தபோது எங்களைக் கூப்பிட்டார்கள். முன்னால் சோபாக்கள். அதில் ஆபீசர்கள், நடுவில் வெள்ளைச் சட்டையில் தங்கராஜ். அதற்குப் பின்னால் நாற்காலிகளில் டூர் வந்தவர்கள். அதற்கும் பின்னால் ஒரு கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் சனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஹரிஹரன் மைக்கைப் பிடித்து, "அடுத்து, மலை மக்களின் குரல்!" என்றார்.

"கொரலுங்கறாரு, மைக்கக் காணோம்," என்று மருதாயி முணுமுணுத்தாள்.

நாங்கள் திரையைத் தூக்கினோம். ராஜா வேஷத்தில் கலா பின்னால் வந்து நின்றாள். முருகன் மத்தளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். புஷ்பலதா முன்னால் போய் இடுப்பில் கை வைத்துத் தலையை ஒரு வெட்டு வெட்டினாள்.

"சபையோருக்கு வணக்கமுங்கோ! சோபால உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு வணக்கம், சேர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு வணக்கம், கயித்துக்கு அக்கட்டால நிக்கறவங்களுக்கு ரெண்டு வணக்கம், கால் வலிக்குமில்ல!"

அந்தச் சத்தம் ஏரியைத் தாண்டிப் போயிருக்கும். படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னாலிருந்து விசில் பறந்தது. டூர் வந்தவர்கள் போனைத் தூக்கினார்கள்.

"எங்கூருக்கு ஒரு ராஜா வந்திருக்காருங்கோ. நொம்ப நல்லவரு. காத்தடிக்குது, பூவெல்லாம் உதிருதுன்னு காத்துக்கே ஒரு கேட்டு போட்டுட்டாரு. காத்து என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? வாட்ச்மேன்கிட்ட வந்து பர்மிசன் கேட்டுக்கிட்டு நிக்குது!"

சிரிப்பு. சோபாவில் மட்டும் சிரிப்பில்லை. தங்கராஜ் சாய்ந்து, பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்த ஹரிஹரனிடம் ஏதோ சொன்னார். ஹரிஹரன் தலையை ஆட்டினார், பிறகு எழுந்தார்.

"மன்னிக்கணும். சிறப்பு விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி இருப்பதால், கலைஞர்களுக்கு இப்போதே பொன்னாடை அணிவித்துக் கௌரவிப்பார். அதோடு இந்த நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது."

பாருங்கள், அடிக்கவில்லை, திட்டவில்லை. துணியைப் போர்த்தி வாயை மூடுகிற வித்தை. கயிற்றுக்குப் பின்னால் சத்தம் கிளம்பியது. முருகன் கையை எடுத்துவிட்டார். புஷ்பலதா அப்படியே நின்றாள்.

மேடைக்குப் படி பின்பக்கம் இருந்தது. தங்கராஜ் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார். சால்வைகளைச் சுமந்துகொண்டு அவர் ஆள் ஒருத்தன் பின்னாலேயே வந்தான். ஏறியவர் நேராகத் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். அத்தர் வாசனை என் மூக்கில் ஏறியது. கலா ஒதுங்கி இடம் விட்டாள். ராஜா நிற்கிற இடத்தில் அவர் நின்றார்.

"எறக்குங்கம்மா," என்றார் சாதாரணமாக.

மருதாயி அந்த முனையிலிருந்து என்னைப் பார்த்தாள். என் கை தானாக இறங்கப் பார்த்தது. பெரிய மனுஷர் சொன்னால் இறங்குகிற கைதானே. அப்போதுதான் கீழே பார்த்தேன். போர்வைக்கு அடியில் அவருடைய பூட்ஸ் தெரிந்தது, நல்ல கறுப்பு, ஒரு சொட்டு ஈரமில்லாமல். நான் திரையை முகத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். மருதாயியும் உயர்த்தினாள்.

புஷ்பலதாவும் அந்தப் பூட்ஸைப் பார்த்துவிட்டாள்.

"அடடடடா! ராஜா வந்துட்டாருங்கோ! சலங்கையக் காணோம், பூட்ஸுதான் பளபளங்குது!"

முருகன் மத்தளத்தில் இடி விழுந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"திரைக்குப் பின்னால நிக்கறது யாருங்கோ?"

தங்கராஜ் முதலில் முழித்தார். அப்புறம் இதுவும் ஒரு வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே, "நாந்தாம்மா, தங்கராஜ்," என்றார்.

"எந்த நாடுங்கோ?"

"சேலந்தான்."

"என்ன காரியமா வந்தீங்கோ?"

"உங்களுக்கெல்லாம் பொன்னாடை போத்தத்தான் வந்தனுங்க."

நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். மூன்று கேள்வி, மூன்று பதில். சட்டப்படி இனித் திரை இறங்க வேண்டும். புஷ்பலதா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கேள்வி தீர்ந்துவிட்டது. திரையை விடாதீர்கள் என்றவள் அவள்தான், ஆனால் எவ்வளவு நேரம் என்று அவளும் சொல்லவில்லை.

நான் விடவில்லை.

"புஷ்பா," என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. திரை பிடித்துக்கொண்டு நான் பேசியதே கிடையாதே. "இன்னொரு கேள்வி இருக்குது. எந்த வழியா வந்தாருன்னு கேளு."

அவள் கண் அகலமாகிவிட்டது. பிறகு சபையைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"திரை புடிக்கற அத்தெ பேசிட்டாங்கோ! பேசக் கூடாத ஆளு பேசிட்டாங்கோ! அப்ப பெரிய கேள்வியாத்தான் இருக்கும். ராஜா, எந்த வழியா வந்தீங்கோ?"

"ரோட்டு வழியாத்தான். வேற எப்படி வர்றது?"

"வர்ற வழியில யாராச்சும் கேட்டு போட்டு மறிச்சாங்களாங்கோ?"

கயிற்றுக்குப் பின்னாலிருந்து ஓவென்று ஒரு கத்தல். கயிறு அறுந்ததா, அவிழ்த்தார்களா தெரியாது, எங்கள் சனங்கள் நாற்காலிகளுக்கு நடுவே வந்துவிட்டார்கள்.

"என்ன இது? ஹரிஹரன்!" என்றார் தங்கராஜ். சிரிப்புப் போய்விட்டது. போர்வையை ஒரு கையால் விலக்கப் பார்த்தார். நான் முனையைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

"எங்க ஊட்டுக்காரர மறிச்சாங்க," என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. திரைக்குத்தான் சொன்னேன். "பேரு ஐயாக்கண்ணு. செத்ததுக்கப்பறம் மறிச்சாங்க. கொட்டற மழையில, காலு ரெண்டும் ஜீப்புக்கு வெளிய தொங்க, மலையச் சுத்திக்கிட்டுப் போனாரு. அந்தக் கேட்டு யாருதுன்னு ராஜாவச் சொல்லச் சொல்லு."

புஷ்பலதா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. காதில் விழாத ஆள் அந்த ஏரிக்கரையில் இல்லை.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்மா. இது மேடை."

"பேசறதுக்குத்தானுங்கோ மேடை!" என்றாள் புஷ்பலதா. சபைப் பக்கம் திரும்பினாள். "ராஜா அப்பறம் பேசிக்கலாங்கறாரு. திரைய எறக்கலாமுங்களா?"

"வேண்டாம்!" என்றது எங்கள் பக்கம்.

"கேக்கலீங்கோ!"

"வேண்டாம்!" இந்தத் தடவை நாற்காலிகளிலிருந்தும் வந்தது. சோபாவில் ஓர் ஆபீசர் குனிந்து தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார், அது அணைந்து கிடந்தது.

போர்வைக்கு அடியில் பூட்ஸ் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஒன்று பின்பக்கம் திரும்பியது. மற்றதும் திரும்பியது. படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் ஆள் சால்வைகளைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினான். கலா அதில் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ராஜாவுக்குன்னுதான கொண்டாந்தாங்க," என்று தன் இடத்தில் வந்து நின்றாள்.

ஹரிஹரன் ஓரமாக நின்றார். முகம் வெளுத்திருந்தது. என்ன நினைத்தாரோ, தன் மைக்கைக் கொண்டுவந்து புஷ்பலதாவிடம் நீட்டினார்.

"இப்ப எதுக்குங்க சார்?" என்றாள் அவள். "கேக்க வேண்டியவங்களுக்குக் கேட்டுருச்சு."

கூத்து முழுதும் ஆடித்தான் இறங்கினோம். யாரும் நிறுத்தவில்லை. கலா அப்படி ஒரு ராஜாவை அதற்கு முன்னால் ஆடியதில்லை. அடுத்த நாள் என் கையைத் தூக்க முடியவில்லை. தைலம் போட்டுத் தேய்த்துவிட்ட மருதாயி, "பேச்சுப் பேசறதுக்குக் கையா வலிக்குது உனக்கு?" என்றாள்.

விழா நடத்தினவர்கள் இனி எங்களைக் கூப்பிடப் போவதில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நாங்கள் மரியாதை தெரியாதவர்களாம். இருக்கட்டும். டூர் வந்தவர்கள் எடுத்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. மனுக் கொடுத்த ஆபீசிலிருந்து இந்தத் தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் ரிசார்ட்டுக்காரர்கள் கேட்டுக்குப் பக்கத்தில் சுவரை உடைத்துச் சின்னதாக ஒரு கதவு வைத்தார்கள். பூட்டில்லை, எந்நேரமும் போகலாம் என்றார்கள். முருகனுக்குச் சந்தோஷம். நானும் கலாவும் மருதாயியும் போய்ப் பார்த்தோம். மருதாயியால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது.

"ஒத்தையா நடந்து போலாம். பாடை போகுமா?" என்றேன்.

கலா கதவின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தாள்.

"நாஞ்செத்தா என்னையும் இதுல சாய்ச்சு நுழைப்பீங்களா, இல்ல ஜீப்பா?"

"வாய மூடு மாதம்மா," என்றாள் மருதாயி. கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "பெரிய கேட்டத்தான் தெறக்க வெக்கணும். பாத்துக்கலாம்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூத்து கேட்டுக்கு முன்னால்தான். ரிசார்ட்டுக்குக் கார்கள் வருகிற நாள். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். தடத்தில் நின்று பாடுகிறோம், தடம் எங்களுடையது என்றோம். எழுதிக்கொண்டு போனார், பிறகு வரவில்லை. வாட்ச்மேன் எங்களைக் கண்டால் ஒண்ணுக்குப் போய்விடுகிறான். கூத்து முடியும் நேரம் பார்த்துத்தான் திரும்பி வருகிறான்.

போன வாரம் ஹரிஹரன் வந்தார். மரத்தடியில் பையை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, "நான் என்ன செய்யட்டும்?" என்றார். மருதாயிக்குத் தோள்வலி. அவள் முனையை அவர் கையில் கொடுத்தாள்.

"இதப் புடிங்க. பேசக் கூடாது, தெரியுமுங்கல்ல?"

அவர் தலையை ஆட்டினார். பேசவேயில்லை. அந்தப் பக்கம் கொஞ்சம் தொங்கத்தான் தொங்கியது, முதல் தடவை அப்படித்தான் இருக்கும்.

முருகன் தட்ட ஆரம்பிக்கும்போது வளைவில் ஒரு கார் வந்தது. கேட்டைப் பார்த்து ஹாரன் அடித்தது. நாங்கள் தடத்தின் குறுக்கே திரையோடு நின்றோம். வெள்ளைக் கார். எங்களுக்குத் தெரிந்த கார்தான், தங்கராஜுடையது. ஹாரன் மறுபடியும் அடித்தது, நின்றது. கண்ணாடி மெல்ல இறங்கியது.

நான் என் முனையை உயர்த்திப் பிடித்தேன். ஹரிஹரனும் உயர்த்தினார். புஷ்பலதா முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"திரைக்குப் பின்னால வந்து நிக்கறது யாருங்கோ?"